ஒரு மில்லிகிராம் என்று எழுதப்பட்ட குப்பி: ஆய்வுகூட ஜி.எல்.பி-1 பற்றிய மதிப்புரை

கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள எங்கள் சிறிய ஆய்வுகூடத்துக்குக் கடந்த வைகாசியில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஜி.எல்.பி-1, 7–36 ஏமைட்டு, மனித வகை, ஒரு மில்லிகிராம் என்று ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருந்தது. நாம் உணவு உண்டதும் சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் உள்ள எல் கலங்கள் குருதிக்குள் விடுகின்ற, சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்ற ஓமோன் இது. இதைச் செயற்கையாகத் தொகுத்து, உறைநிலையில் உலர்த்தித் தூளாக்கி, ஆய்வுப் பயன்பாட்டுக்கென்று விற்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றிடமிருந்து, கொழும்பு முகவர் ஒருவர் ஊடாக நாங்கள் இதை வாங்கினோம். இருவர் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்ல வந்தது பொருளைப் பற்றியும் அதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டியவை பற்றியும் மட்டுமே. நான்கு மாதப் பயன்பாட்டின் பின் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குப்பிக்குள் இருந்த பொருள் நல்லது, குப்பியுடன் வந்த தாள் போதாது.

ஒரு பொருளை எதற்காக வாங்கினோமோ அதைக் கொண்டுதான் அதன் தரத்தை மதிப்பிட வேண்டும் என்பதால், எங்கள் தேவையையும் சொல்லியாக வேண்டும். சலரோகத்துக்கு நாவற்கொட்டைத் தூளும் சிறுகுறிஞ்சா இலையும் கைமருந்தாக எடுக்கும் வழக்கம் வன்னி வீடுகளில் இன்றும் இருக்கிறது. இவற்றின் சாறுகளில் டி.பி.பி-4 என்ற நொதியத்தைத் தடுக்கும் கூறு ஏதும் உண்டா என்பதே நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. குடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 குருதியில் ஏறத்தாழ இரண்டு நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடுகிறது. அதற்கு முதன்மைக் காரணம் இந்த நொதியம்தான். 30 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியின் தலைப்பக்கத்தில் உள்ள ஹிஸ்டிடினையும் அலனீனையும் சேர்த்து அது கத்தரித்துவிட, எஞ்சுகின்ற 28 அமினோ அமிலத் துண்டு இன்சுலினைத் தூண்டும் வலுவை இழந்துவிடுகிறது. 2006 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று இன்று எங்கள் மருந்தகங்களிலும் கிடைக்கின்ற சிற்றாகிளிப்டின் என்ற சலரோக மாத்திரை, இந்தக் கத்தரியைத் தடுப்பதன் மூலமே வேலை செய்கிறது.

வெட்டுப்பட்டதும் மஞ்சள் நிறம் காட்டும் எளிய செயற்கைப் பதார்த்தம் ஒன்றை வைத்து இச்சோதனையை மலிவாகச் செய்யலாம் என்பது உண்மை, நாங்களும் முதலில் அப்படித்தான் செய்தோம். ஆனால் நாவற்கொட்டைச் சாறு தேயிலைச் சாயம் போலத் தானே கபில நிறமாக இருக்கும். மஞ்சளை அளக்கப் போன இடத்தில் கபிலத்தையும் சேர்த்து அளந்து, ஒரு மாதத் தரவை அப்படியே ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று. ஆகவே உடலில் அந்த நொதியம் உண்மையில் எதை வெட்டுகிறதோ அதையே கொடுத்து, வெட்டுப்பட்டதையும் வெட்டுப்படாததையும் எச்.பி.எல்.சி இயந்திரத்தில், அதாவது கரைசலிலுள்ள கூறுகளைத் தனித்தனியே பிரித்து ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஓர் உச்சமாகக் காட்டும் கருவியில், பிரித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். அந்த வேலைக்கு வேண்டியது தலைப்பக்கம் பழுதுபடாத, துப்புரவான ஜி.எல்.பி-1.

வாங்கும்போது எண்களைக் கவனிக்க வேண்டும். குளுக்ககோன் என்ற ஓமோனும் ஜி.எல்.பி-1 உம் பிறக்கின்ற முன்னோடிப் புரதத்துக்குரிய பரம்பரையலகு 1983 இல் வாசிக்கப்பட்டபோது, ஜி.எல்.பி-1 என்பது 37 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியாக இருக்கும் என்று கருதப்பட்டது. உடலில் வேலை செய்வது முதல் ஆறும் நீங்கிய வடிவம் என்பது பின்னரே, 1987 அளவில், தெளிவாயிற்று. எண்கள் மட்டும் பழையபடியே நின்றுவிட்டன. ஏமைட்டு என்பது சங்கிலியின் வால்முனை எந்த வேதி வடிவில் முடிகிறது என்பதைக் குறிக்கும். விற்பனைப் பட்டியல்களில் 1–37, 7–37, 7–36 ஏமைட்டு, ஏற்கெனவே வெட்டுப்பட்ட 9–36 ஏமைட்டு எல்லாம் அடுத்தடுத்த வரிகளில் ஏறக்குறைய ஒரே பெயரோடு நிற்கும். எங்கள் முகவரின் முதல் விலைமனுவில் 9–36 தான் குறிப்பிடப்பட்டிருந்தது. வெட்டும் நொதியத்தைச் சோதிக்கப் போகிறவனுக்கு ஏற்கெனவே வெட்டிய துண்டை விற்பது, மொட்டையடித்துக்கொண்டு வந்தவனைச் சலூன் கதிரையில் இருத்துவது போன்றது. நல்ல காலமாக, பணம் கட்டுவதற்கு முன்பே அதைக் கண்டுகொண்டோம்.

அடுத்த இடையூறு ‘மனித’ என்ற ஒரே சொல்லால் வந்தது. விலைப்பட்டியலில் அந்தச் சொல்லைப் பார்த்த அலுவலர் ஒருவர், இது மனித உடலிலிருந்து எடுக்கப்பட்டதா, அப்படியானால் அதற்குரிய அனுமதி எங்கே என்று கேட்டதில் பொதி ஒன்பது நாட்கள் நின்றுவிட்டது. அவர் கேட்டதில் பிழையில்லை. செயற்கையாகத் தொகுக்கப்பட்டது, உயிரினம் எதிலிருந்தும் பெறப்பட்டதன்று என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்ட தாளை விற்பனையாளர் பொதியோடு வைத்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திராது. உண்மையில் இந்தக் குப்பிக்கும் மனித உடலுக்கும் உள்ள தொடர்பு அமினோ அமிலங்களின் வரிசை மட்டுமே. சிறு பிசின் மணிகளின்மேல் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துச் சங்கிலியை வளர்த்து, முடிந்ததும் மணியிலிருந்து கழற்றிவிடும் முறையில் இது செய்யப்படுகிறது. புரூஸ் மெரிபீல்ட் 1963 இல் வெளியிட்டு, 1984 இல் நோபல் பரிசு பெற்ற முறை அது. அவருடைய ஆய்வுகூடத்தில் பயின்ற சுவெட்லானா மோய்சோவ் என்ற அம்மையார்தான் அந்தக் கைத்திறனோடு போய், 7–37 என்ற துண்டைத் தாமே தொகுத்து, அது இன்சுலினைச் சுரக்கச் செய்யும் என்பதைக் காட்டியவர்களுள் ஒருவர். நெடுங்காலம் பெயர் வெளிவராதிருந்த அவருக்கு 2024 இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது பகிர்ந்தளிக்கப்பட்டது. இன்னொன்றையும் இங்கே சொல்லலாம்: மனிதர், மாடு, பன்றி, எலி எல்லாவற்றிலும் இந்த 30 அமினோ அமில வரிசை ஒன்றேதான். வயற்கரையில் மேய்ந்துவிட்டு மாலையில் பட்டிக்குத் திரும்பும் மாட்டின் குடலிலும் ஊறுவது இதே சங்கிலி என்னும்போது, ‘மனித’ என்பது ஒட்டுத்தாளுக்கு ஓர் அலங்காரம் என்றே சொல்ல வேண்டும். எங்களுக்கு அது ஒன்பது நாள் அலங்காரம்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஏற்றப்பட்ட ரெஜிபோம் பெட்டியை ஏ9 வீதியோரத்தில் அதிகாலை ஐந்து மணிக்கு நானே போய் வாங்கினேன். பெட்டிக்குள் இருந்த இரண்டு ஜெல் பொதிகளும் முற்றாக உருகி, கையில் வைத்துப் பார்த்தால் உடற்சூட்டுக்கு வந்திருந்தன. எங்கள் ஆய்வுகூட உதவியாளர் முன்னர் முல்லைத்தீவில் மீன் வியாபாரத்தில் இருந்தவர். பெட்டியின் பொருத்தையும் மூடியையும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “இதை விட எங்கட மீன்பெட்டி திறம், சேர்” என்று சொல்லி ஒதுக்கிவிட்டார். சுவர் இரண்டு விரற்கடை தடிப்பாவது இருக்க வேண்டும், மூடியின் பொருத்தை ஒட்டுநாடாவால் சுற்ற வேண்டும் என்பவை அவர் தொழிலில் சின்னப் பையனுக்கும் தெரிந்தவை. ஆனாலும் இதில் நான் விற்பனையாளரைக் கடுமையாகக் குறை சொல்லமாட்டேன், ஏனெனில் உலர்ந்த நிலையிலுள்ள இந்தப் பெப்தைட்டு, அதாவது அமினோ அமிலக் குறுஞ்சங்கிலி, சில நாள் வெக்கையைத் தாங்கும்; உலர்த்தி விற்பதன் நோக்கமே அதுதான். அதைக் கெடுப்பது சூட்டைவிட ஈரம். மூடி இறுக்கமாக இருந்தது, குப்பிகள் ஈரம் உறிஞ்சும் சிறு பையோடு அலுமினியத் தாள் உறைக்குள் அடைக்கப்பட்டிருந்தன என்ற இரண்டும் உருகிய ஜெல்லைவிடப் பெறுமதியானவை. ஆனால் இதை அவர்கள் ஒரு வரியில் எழுதியிருந்தால், −20 பாகையில் வைக்கவும் என்ற ஒட்டுத்தாளையும் உருகிய பொதியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அந்தக் காலைப்பொழுதை நான் பதற்றத்தில் கழித்திருக்கமாட்டேன்.

குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மாணவி, “சேர், இதுக்குள்ள ஒண்டும் இல்லை” என்றார். பார்வைக்கு அது உண்மைதான். ஒரு மில்லிகிராம் என்பது கல்லுப்பின் ஒரு பரலளவுகூட இல்லை. அதுவும் உறைநிலையில் உலர்ந்த பெப்தைட்டு குவியலாக இராது, அடிக்கண்ணாடியில் மூச்சுப் பட்ட புகார் போல மெல்லிய வெண்படலமாகத்தான் ஒட்டியிருக்கும். எங்கள் இரண்டாவது குப்பியில் அதில் ஒரு பகுதி வழியில் குலுங்கி எழும்பி, இறப்பர் மூடியின் அடியில் பஞ்சுத் துணுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. திறப்பதற்கு முன் குப்பியைச் சுழற்சி இயந்திரத்தில் ஒரு நிமிடம் சுற்றி எல்லாவற்றையும் அடிக்கு இறக்க வேண்டும் என்பதை அறியாமல் மூடியைக் கழற்றி மேசையில் வைப்பவர், வாங்கிய பணத்தின் ஒரு பங்கை மூடியோடு குப்பையில் போடுகிறார். இதுவும் தாளில் இல்லை. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்கக்கூடாது என்பதும் அப்படியே. சிலிக்கா மணிகள் இட்ட மூடிய கலத்துக்குள் ஒரு மணி நேரமாவது வைத்து அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்த பின்னரே திறக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வன்னியின் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, குளிர்ந்த குப்பியின் உட்சுவரில் நீர் முத்துக் கட்ட அரை நிமிடம் போதும்.

முதற்குப்பியை நாங்கள்தான் கெடுத்தோம். அதை மறைக்காமல் எழுதுவதால் இன்னொருவரின் குப்பி தப்பலாம். நொதியச் சோதனை நடுநிலையான பொசுபேற்றுத் தாங்கற்கரைசலில் நடைபெறுவதால், பெப்தைட்டையும் நேரடியாக அதிலேயே கரைத்துவிட்டால் ஒரு படி மிச்சம் என்று எண்ணினோம். கரையச் சற்றுத் தயங்கியது. நாங்கள் அதிர்வுக் கருவியில் வைத்து நன்றாகக் குலுக்கினோம். கரைந்தது போலத்தான் தோன்றியது. அந்தக் கரைசலைப் பகுதியாகப் பிரிக்காமல், தேவைப்படும்போது எடுக்கலாம் என்று 4 பாகையில் அப்படியே வைத்தோம். இடையில் இரண்டு நாள் மின்வெட்டும் வந்து போயிற்று. ஆறாம் நாள் குழாயைச் சாய்த்தபோது திரவத்தில் மெல்லிய மங்கல் இருந்தது; குழாயியின் நுனியை மெதுவாக உயர்த்தினால் முட்டை வெள்ளைக் கரு போல ஓர் இழை சற்று நீண்டு அறுந்தது. எச்.பி.எல்.சியில் அதன் உச்சத்தின் பரப்பு (பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுவது) முதல் நாளைய பரப்பின் பாதியாகக்கூட இருக்கவில்லை. ஜி.எல்.பி-1 நடுநிலையான கரைசலில் ஒன்றோடொன்று ஒட்டி நூலிழைகளாகத் திரளும் இயல்புடையது என்பதும், குலுக்குவது அந்தத் திரட்சியைத் தூண்டும் என்பதும் இத்துறையில் நெடுங்காலம் அறியப்பட்டவை. பழுது எங்களுடையதுதான். ஆனால் ‘நீரில் கரையும்’ என்ற இரண்டே சொற்களோடு தொழில்நுட்பக் குறிப்பை முடித்துவிட்ட விற்பனையாளருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

இனி இந்த மதிப்புரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். குப்பியோடு வந்த தரச்சான்றிதழில் தூய்மை 97.4 சதவீதம் என்றும், மூலக்கூற்று நிறை எதிர்பார்த்த 3297.6 உடன் பொருந்துகிறது என்றும் இருந்தது. இரண்டும் சரி. எங்களிடம் வந்த குப்பியை இன்னொரு ஆய்வுகூடத்து நண்பர்களின் எச்.பி.எல்.சியில் ஓடவிட்டபோது, ஒரே ஒரு கூரிய உச்சமும் அதன் தோளில் மிகச் சிறிய இரண்டு புடைப்புகளுமே தெரிந்தன. சான்றிதழின் படமும் எங்கள் படமும் அண்ணன் தம்பி போல இருந்தன. ஆனால் தூய்மை என்பது ஒன்று, குப்பியில் பெப்தைட்டு எவ்வளவு என்பது வேறொன்று. நெல் விற்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூடையில் பதர் இல்லை என்பது ஒரு பேச்சு. மூடையில் ஈரம் எவ்வளவு என்பது இன்னொரு பேச்சு. 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் நின்றால் கொள்வனவு நிலையத்தில் மூடையைத் திருப்பிவிடுவார்கள், பதர் ஒன்றுகூட இல்லை என்று எவ்வளவுதான் மன்றாடினாலும். சான்றிதழிலுள்ள 97.4 பதரைப் பற்றிய எண். ஈரத்தைப் பற்றிய எண் அதில் எங்கும் இல்லை.

இங்கே ஈரம் என்று நான் சொல்வது தண்ணீரை மட்டுமன்று. தொகுத்த பெப்தைட்டைத் துப்புரவாக்கும்போது பயன்படும் முப்புளோரோ அசற்றிக் அமிலம், சங்கிலியிலுள்ள கார இடங்கள் ஒவ்வொன்றோடும் உப்பாகச் சேர்ந்துகொள்கிறது. இந்தச் சங்கிலியில் அப்படிப்பட்ட இடங்கள் ஐந்து: தலைமுனை, ஒரு ஹிஸ்டிடின், இரண்டு லைசின், ஒரு ஆர்ஜினின். அந்த அமிலத்தின் மூலக்கூற்று நிறை 114. ஐந்து இடமும் நிரம்பினால் 570. 3298 உடன் 570 ஐக் கூட்டினால் 3868. அதாவது தராசு காட்டும் எடையில் ஏறத்தாழ 85 சதவீதம் மட்டுமே பெப்தைட்டு, மிகுதி உப்பு. அதற்கு மேல் காற்றிலிருந்து பிடித்த நீர் சில சதவீதம். ஆகவே ஒரு மில்லிகிராம் என்ற எழுத்தை நம்பி ஒரு மில்லிலீற்றரில் கரைத்து, செறிவு இவ்வளவு என்று கணக்கெழுதுகிறவர் தொடக்கத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு பிழையோடு தொடங்குகிறார். ஒரே குப்பியை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு இது பெரிய கேடில்லை. குப்பிக்குக் குப்பி, ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் ஒப்பிடும்போதுதான் இந்தப் பிழை எழுந்து நிற்கும்.

இதை அறிவதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை என்பதால் செய்முறையையும் எழுதிவிடுகிறேன். இந்தச் சங்கிலியில் திரிப்டோபான் ஒன்று, தைரோசின் ஒன்று, சிஸ்டீன் இல்லை. 280 நனோமீற்றர் அலைநீள ஒளியை உறிஞ்சும் குணகம் திரிப்டோபானுக்கு 5500, தைரோசினுக்கு 1490 என்று எடுத்தால் மொத்தம் 6990. இரண்டாவது குப்பியைக் கரைத்த மூலக்கரைசலில் 50 மைக்கிரோலீற்றரை எடுத்துப் பத்து மடங்கு ஐதாக்கி, சிறிய குவார்ட்ஸ் குவளையில் ஊற்றி, எங்களிடமிருந்த பழைய நிறமாலைமானியில் வாசித்தோம். ஒட்டுத்தாள் உண்மையானால் 0.212 காட்ட வேண்டும். காட்டியது 0.168. மூன்று முறை வாசித்தும் மூன்றாம் தசமத்தானம்தான் அசைந்தது. கணக்குப் பார்த்தால் குப்பியிலிருந்த உண்மையான பெப்தைட்டு 0.79 மில்லிகிராம். இந்தக் கணக்கை எழுதி விற்பனையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். பதினோராம் நாள் பதில் வந்தது: தேறிய பெப்தைட்டு அளவு ஏறத்தாழ 80 சதவீதம், துல்லியமான பகுப்பாய்வு வேண்டுமானால் தனிக்கட்டணம். அவர்களுக்கு எண் தெரிந்தே இருந்திருக்கிறது. கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள் என்பதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன், ஏனெனில் பெப்தைட்டுகளை மொத்த எடைக்கு விற்பது இத்தொழிலின் பொது வழக்கம்; ஆனால் அந்த வழக்கத்தை அறியாத முதல்முறை வாங்குபவருக்கு அது ஏமாற்று போலத்தான் தெரியும்.

இரண்டாவது குப்பியை எப்படிக் கையாண்டோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுழற்றி, அறைச் சூட்டுக்கு வரவிட்டு, சிறிதளவு அசற்றிக் அமிலம் சேர்த்த தூய நீரில் குலுக்காமல், குழாயை விரல்களுக்கிடையில் உருட்டிக் கரைத்தோம். ஐந்து நிமிடத்தில் கண்ணாடி போலத் தெளிந்தது. அளவீட்டுக்கு எடுத்தது போக மீதியை அன்றைக்கே, புரதம் ஒட்டாத வகைப் பிளாத்திக்குக் குழாய்கள் பத்தொன்பதில், ஐம்பது ஐம்பது மைக்கிரோலீற்றராகப் பகிர்ந்து உறையவைத்தோம். ஐதான கரைசலில் இந்தப் பெப்தைட்டு குழாயின் சுவரிலேயே ஒட்டி மறைந்துவிடும் என்பதால் குழாயின் வகை முக்கியம். உறையவைக்கும் பெட்டியைப் பற்றியும் ஒரு சொல்: தானே பனி உருக்கும் புதிய வகைப் பெட்டிகள் உருக்கும் நேரத்தில் உள்ளே சூட்டை ஏற்றி இறக்குகின்றன, அது இத்தகைய பொருளுக்கு ஆகாது. சுவரெல்லாம் பனி மலையாக வளர்ந்து, பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் தூக்கி எறியச் சொல்லும் எங்கள் பழைய டீப் பிறீசர்தான் மின்வெட்டு நேரத்திலும் நின்று பிடித்தது. அந்தப் பனியே அதற்கு மின்கலம்.

இனிப் பொருள் வேலை செய்ததா என்பது. நொதியத்தோடு 37 பாகையில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை சிறிதளவு எடுத்து அமிலத்தால் நிறுத்தி, அந்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் எச்.பி.எல்.சியில் ஓடவிட்டோம். முதல் உச்சம் படிப்படியாகத் தாழ, பக்கத்தில் புதிய உச்சம் ஒன்று அதே அளவில் எழுந்தது. இரண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் இடம் மாறிவிட்டது. நொதியம் சேர்க்காத குழாயில் இரண்டு மணி கழிந்தும் முதல் உச்சம் அசையவில்லை. சிற்றாகிளிப்டின் சேர்த்த குழாயிலும் ஏறக்குறைய அப்படியே நின்றது. சங்கிலியின் தலைப்பக்கம் தொடக்கத்தில் சிதைந்திருந்தால் இந்தப் படம் இவ்வளவு துப்புரவாக வந்திராது. வைகாசியில் பிரித்த குழாயும் ஆவணியில் எடுத்த குழாயும் ஒரே பரப்பையே காட்டின. உற்பத்தியாளரின் கைவேலையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. விற்பவரின் எழுத்துவேலையில்தான் குறை.

இந்தக் குப்பிகள் வந்த செய்தி எப்படியோ ஊருக்குள் போய்விட்டது. ஒரு நாள் மாலை பக்கத்து வீட்டு மாமி படலையடியில் மறித்து, “தம்பி, மெலியிறதுக்குப் போடுற ஊசி மருந்து உங்கட இடத்தில இருக்காமே, எனக்கும் ஒண்டு எடுத்துத் தரேலாதோ?” என்று கேட்டார். வேடிக்கையாக எடுத்துக்கொள்ளக்கூடிய கேள்வியன்று அது, ஏனெனில் வெளிநாடுகளில் ஆய்வுக்கு மட்டும் என்று எழுதிய குப்பிகளை வாங்கித் தமக்குத் தாமே ஏற்றிக்கொள்வோர் உண்மையிலேயே இருக்கிறார்கள். எங்களிடமுள்ளது இயற்கையான ஓமோனின் நகல். உடலுக்குள் போனால் சில நிமிடங்களில் கத்தரிபட்டுவிடும். மருந்தாக வரும் லிரகுளுட்டைட்டும் செமகுளுட்டைட்டும் வேறு மூலக்கூறுகள். கொழுப்பமிலச் சங்கிலி ஒன்றை ஒட்டி, குருதியிலுள்ள அல்புமினைப் பிடித்துக்கொண்டு தங்கும்படி மாற்றப்பட்டவை. முன்னையது உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகும், பின்னையதற்கு ஏறத்தாழ ஒரு கிழமை. அதைவிட முக்கியமாக, ஆய்வுக் குப்பி கிருமி நீக்கப்பட்டதன்று, பற்றீரிய நச்சுக்குச் சோதிக்கப்பட்டதன்று, தராசுக் கணக்கே ஐந்தில் ஒரு பங்கு பிழையானது என்பதை மேலே கண்டோம். மாமிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. அது மருந்தில்லை மாமி, பரிசோதனைச் சாமான், அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போங்கோ என்று மட்டும் சொன்னேன். நம்பினாரா என்பது ஐயம்தான். அதன்பின் சில நாட்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

விலையைப் பொறுத்தவரை குப்பியின் விலை நியாயமானதே. அதைக் கொண்டுவரும் செலவு, அனுமதிச் செலவு, முகவர் கூலி மூன்றும் சேர்ந்து குப்பியின் விலையை விட ஒன்றரை மடங்காயிற்று. ஆகவே எங்களைப் போன்றவர்கள் ஒன்றொன்றாக வாங்குவதில் பயனில்லை. இரண்டு மூன்று ஆய்வுகூடங்கள் சேர்ந்து ஒரே பொதியில் வரவழைப்பதே கட்டுப்படியாகும். ஆனால் ஒரு மில்லிகிராமை ஒரே குப்பியில் அடைத்துத் தருவதை விட, 0.2 மில்லிகிராமாக ஐந்து குப்பிகளில் தருவது எங்கள் நிலைமைக்கு எவ்வளவோ மேல். திறந்த குப்பியே கெடும் குப்பி. ஒரு மின்வெட்டு, ஒரு மாணவரின் கைத்தவறு, ஒரு பிழையான கரைசல், எதுவாயினும் இழப்பு ஐந்தில் ஒன்றோடு நிற்கும். இதையும் விற்பனையாளரிடம் எழுதிக் கேட்டோம். சிறு கூடுதல் கட்டணத்தோடு செய்து தர உடன்பட்டிருக்கிறார்கள். தேறிய அளவையும், செயற்கைத் தொகுப்பு என்ற உறுதிமொழியையும் தாளில் சேர்ப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பொதி மாரிக்கு முன் வந்துவிட வேண்டும் என்று முகவரை நெருக்கிக்கொண்டிருக்கிறோம். பத்தொன்பது குழாய்களில் ஏழு இன்னும் டீப் பிறீசரின் பனிக்குள் இருக்கின்றன. சிறுகுறிஞ்சாச் சாற்றுக்கு ஐந்து ஒதுக்கியாயிற்று. எஞ்சிய இரண்டையும், புதிய பொதி வந்ததும் பழையதோடு அருகருகே வைத்து 280 நனோமீற்றரில் வாசிப்பதற்காகத் தொடாமல் வைத்திருக்கிறோம். இந்த முறை ரெஜிபோம் பெட்டிக்குப் பதிலாக எங்கள் உதவியாளரின் மீன்பெட்டியைக் கழுவிக் காயவைத்துக் கொழும்புக்கு அனுப்புவது என்று முடிவாகியிருக்கிறது.